மீசை ராஜாவும் மூன்று பொட்டலம் விபூதியும்

நான் ஓய்வு பெற்ற பிறகு பழங்காசும் பதக்கமும் வைத்திருக்கும் எங்கள் காசுக்கூடத்துக்கு ஒரு புது கேமரா வந்திருக்கிறது. பழைய பதக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் பிடித்து, இது இந்தப் பட்டறையில் அடித்தது என்று அதுவே சொல்லிவிடுமாம். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சுகன்யா, பழைய பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் எனக்குப் போன் செய்தாள்.

"சார், ஒரு பதிவுல 'கண்டறிந்த முறை'ங்கற இடத்துல 'விபூதி'னு எழுதியிருக்குது. உங்க கையெழுத்துதான். கம்ப்யூட்டர் அத ஏத்துக்க மாட்டேங்குது. இன்னா போடட்டும்?"

விபூதி என்றே போடு, வேறு எதைப் போட்டாலும் பொய்யாகிவிடும் என்றேன். அப்படியானால் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள், இணைப்பாகச் சேர்த்துவிடுகிறேன் என்றாள். இதுதான் அந்த இணைப்பு. நான்கு வரி கேட்டாள். எனக்கு நான்கு வரியில் எழுதும் பழக்கம் இருந்திருந்தால் எப்போதோ பெரிய ஆளாகியிருப்பேன்.

ஜெர்மன் ராணுவப் பதக்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம் என்று என் மாமனார் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலையில் இருக்கிறவனுக்குப் பெண் கொடுத்துவிட்டோமே என்ற கவலை அவருக்கு. விஷயம் சாதாரணமானது. இங்கே ஒரு அரிசி ஆலைக்காரர் பழங்காசு சேர்த்துவந்தார். கிரிவலப் பாதையோரம் குடியிருந்த ஒரு ஜெர்மன்காரர் அவருக்குச் சிநேகிதர். ஜெர்மன்காரர் இறந்தபோது தன் டிரங்குப் பெட்டியைச் சிநேகிதருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் ராணுவப் பதக்கங்கள், கூடவே அவற்றைப் பற்றிய தடித்தடியான புத்தகங்கள். ஆலைக்காரர் ஓர் அறக்கட்டளை வைத்து, வேங்கிக்காலில் ஒரு வீட்டைக் காசுக்கூடமாக்கி, பெட்டியை அங்கே இறக்கினார். விஷயம் தெரிந்த வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுப் பதக்கங்களை அனுப்பி, இதைச் செய்தது யார் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் முப்பது வருடம் அந்தப் பெட்டியைச் சுற்றிவந்தேன்.

நல்ல பட்டறைக்காரன் பதக்கத்தின் விளிம்பில், மாட்டும் வளையத்துக்குப் பக்கத்தில், தன் பெயரின் இரண்டு எழுத்துகளைப் பொடியாக வெட்டிவைப்பான். பாதிப் பேர் வெட்டவில்லை. பெயர் வெட்டாத எவர்சில்வர் பாத்திரம் கல்யாண வீட்டில் யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? பெயர் வெட்டாத பதக்கமும் அப்படித்தான். அதன் எடை, தடிமன், வளையத்தைப் பற்றவைத்த விதம், அரம் போட்ட தடம், முகத்தின் அச்சு ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

இந்த வேலையைக் கற்றுக்கொண்ட கதையை நீட்டப்போவதில்லை. அடி அண்ணாமலையில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடும் குடும்பம். கெமிஸ்ட்ரி படித்திருந்தேன். முதல் வருடம் எடை போட்டேன், இரண்டாம் வருடம் தடிமன் அளந்தேன், மூன்றாம் வருடம்தான் வாயைத் திறக்க அனுமதி கிடைத்தது. அனுமதி கொடுத்தவர் எங்கள் காப்பாளர் கனகவல்லி மேடம்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூதக்கண்ணாடியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். முதல் தடவை வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருப்பார்கள். தாலியையாவது வெள்ளிக்கிழமை கழற்றிக் கழுவுவேன், இதைக் கழற்றமாட்டேன் என்று அவரே சிரிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டவும் மாட்டார். தப்பு செய்தால் பதிவேட்டை நம் பக்கம் திருப்பி, பேனாவை எடுத்துக் கொடுத்து, நடந்ததை நம் கையாலேயே எழுதச் சொல்வார். நாலு பேர் எதிரில் கன்னத்தில் அறைந்தால்கூட அதைவிடத் தேவலை என்று தோன்றும்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. செய்தவன் இன்னார் என்று சொல்வதற்கு முன்னால், இன்னார் இல்லை என்று மூன்று பேரைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். அடுத்தது, உலோகம் சொன்னதை எழுத வேண்டும், நாம் நினைத்ததை எழுதக் கூடாது.

முதல் சட்டத்தின் அருமை எனக்கு ஒரு பித்தளைப் பதக்கத்தால் புரிந்தது. வாயைத் திறக்க அனுமதி வந்த புதிதில், கைக்கு வந்த அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வடக்கு ஜெர்மனியின் பழைய பட்டறை, சந்தேகமே இல்லை என்று சொல்லி, பதிவேட்டிலும் எழுதிவிட்டேன். மேடம் அதை நாடாவோடு கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு, யாருடையது என்று விசாரித்தார். ஆரணியில் படித்த அவருடைய அக்கா கயிறு தாண்டும் போட்டியில் வாங்கிய இரண்டாம் பரிசு அது. வேறு பெட்டியில் இருந்து தவறிக் கலந்து வந்துவிட்டது. மேடம் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். 'வடக்கு ஜெர்மனி' என்பதை அடித்துவிட்டு 'ஆரணி' என்று எழுதினேன். ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கம் வந்தால் இரண்டு தாளாகச் சேர்த்தே புரட்டினேன்.

இனி விபூதி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது. எல்கே அம்மா என்று ஒரு ஜெர்மன் பெண்மணி, எழுபது வயதைத் தாண்டியவர், இங்கேயே குடியேறிப் பல வருடம் ஆகிறது. தமிழைக் காய்கறிக் கடையில் கற்றவர். அதனால் எதைப் பேசினாலும் கத்தரிக்காய் பேரம் போலவே இருக்கும். அவர் ஒரு நாள் சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு வெள்ளிப் பதக்கம். பழைய ஜெர்மானிய ராஜ்ஜியம் ஒன்றின் வீரப் பதக்கம். ஒரு பக்கம் மீசை வைத்த ராஜாவின் முகம் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. விளிம்பில் எழுத்து எதுவும் இல்லை.

"எங்க தாத்தாவோடது, சார். என் தம்பி கொரியர்ல அனுப்பியிருக்கான். பதினோரு வருஷமா அவனும் நானும் பேசறதில்ல. எங்க அப்பா சாவுக்குப் போனப்போ, தாத்தா இத சண்டையில வாங்கல, கடையில வாங்கினார்னு நான் சொல்லிட்டேன். அவன் என்னைப் பொய்க்காரினு சொன்னான். அவ்ளோதான்."

பெட்டிக்குள் தம்பியின் ஒரு வரிக் கடிதமும் இருந்தது. உன் மலைக்குப் பக்கத்தில்தானே அந்த நிபுணர்கள் இருக்கிறார்கள், கேட்டுச் சொல், தாத்தா பொய்யர் என்றால் நான் மன்னிப்புக் கேட்கிறேன், இல்லையென்றால் நீ கேள். தமிழில் சொல்லிவிட்டு எல்கே அம்மா கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். தம்பிக்கு இதயத்தில் ஏதோ அறுவை சிகிச்சை நடக்கப்போவதாகவும், அதற்கு முன்னால் இது முடிந்தால் நல்லது என்றும் எழுந்து போகும்போதுதான் சொன்னார்.

கேள்வி சுலபமாகத் தெரிந்தது. அந்த ராஜ்ஜியத்தில் நிஜமாகக் கொடுத்த பதக்கங்களை அரசாங்க நாணயச் சாலைதான் அடித்தது. அதே மாதிரி அடித்துக் கடைகளுக்கு விற்ற தனியார் பட்டறைகள் நாலைந்து இருந்தன. செய்தவன் யார் என்று தெரிந்தால், கொடுத்ததா விற்றதா என்று தெரிந்துவிடும். ஆனால் இரண்டு வாரம் மல்லுக்கட்டியும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. எடை கொஞ்சம் கம்மி, ஆனால் தேய்ந்த பதக்கம் எல்லாமே கம்மிதான். வளையத்தில் அரம் போட்டது எல்லாரும் போடும் விதத்தில் இருந்தது. முகத்தையோ கருமை மூடியிருந்தது. அந்தக் கருமையை எடுக்கக் கூடாது. அது வெள்ளியின் வயது, தேய்த்து எடுத்தால் திரும்ப வராது. எங்கள் கூடத்தில் பதக்கத்தைத் தேய்ப்பது கொலைக்குச் சமம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஊரில் அண்ணன் டிராக்டரைக் கழுவக் கூப்பிட்டிருந்தார். மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். பதக்கத்தைத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டவில்லை.

மறுநாள் காலை டிராக்டருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மேடம் வேலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் அலுவலக உதவியாளர் பச்சையம்மா பூஜை ஏற்பாட்டை எல்லாம் முடித்திருந்தார். இந்தப் பச்சையம்மா ஒரு வேலையை எடுத்தால் அதை விட்டு வைக்காதவர். தலைவாழை இலையில் பொரி, கடலை, வாழைப்பழம். நடுவில் தராசு, எடைக்கற்கள், அளவுகோல், இடுக்கி, என் பூதக்கண்ணாடி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அவற்றுக்கு நடுநாயகமாக, புது ரூபாய் போலப் பளபளவென்று, நெற்றியில் பட்டையும் பொட்டுமாக மீசை ராஜா உட்கார்ந்திருந்தார். இப்போதுதான் கிரிவலம் முடித்துவிட்டு வந்த களை அவர் முகத்தில் இருந்தது.

யார் தேய்த்தது என்று கேட்டேன். பச்சையம்மா பெருமையாக, தராசோடு இருந்ததால் அதுவும் நம் ஆயுதம்தானே என்று எடுத்துத் தேய்த்ததாகச் சொன்னார். உடனே எடுக்கக் கையை நீட்டினேன்.

"பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது சார். நாளைக்குத்தான்."

எடுக்காமலே குனிந்து பார்க்கலாம் என்றால் பூதக்கண்ணாடியும் பூஜையில் இருந்தது. வெள்ளிக்கிழமைகூடக் கழுத்தை விட்டு இறங்காத மேடத்தின் கண்ணாடியோ வேலூரில். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கற்பூரம் ஒற்றிக்கொண்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று எங்கள் வீட்டில் வடை செய்திருந்தார்கள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தேன். எல்கே அம்மாவிடம் என்ன சொல்வது? தம்பி நம்பி அனுப்பிய பொருளை அக்காவின் ஊர்க்காரர்கள் பாத்திரம் போலத் தேய்த்துவிட்டார்கள் என்றால், அந்தச் சண்டை தீருமா, இன்னொன்று சேருமா? பதினோரு வருடம் என்பது இருபத்திரண்டு ஆகிவிடும் என்று பயந்தேன். என் வேலையைப் பற்றியும் பயந்தேன், அதை மறைப்பானேன்.

பயத்தில் ஒரு யோசனை வந்தது. படித்த கெமிஸ்ட்ரி இந்த மாதிரி நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வரும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு வெள்ளியை ஒரு டப்பாவில் மூடிவைத்தால் சில மணி நேரத்தில் கறுத்துவிடும். விஜயதசமி விடுமுறை, யாரும் வரமாட்டார்கள் என்று காலையில் இரண்டு அவித்த முட்டைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனேன். கூடத்தைத் திறந்து, பூஜை இலைக்குச் சற்றுத் தள்ளி, முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. மேடம். விஜயதசமி அன்று பதிவேட்டில் ஒரு வரியாவது எழுதித் தொடங்குவது அவர் வழக்கம் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

"விஜயதசமி அன்னிக்கு ரெண்டு முட்டையா, ஏழுமலை?"

பொய் சொல்லும் திறமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முட்டை உட்பட. மேடம் என் மேஜையில் உட்கார்ந்தார். பதிவேடு திரும்பியது, பேனா வந்தது. 'அலுவலக உதவியாளர் பச்சையம்மா' என்று எழுத ஆரம்பித்தேன். மேடம் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"மேஜை மேல வெச்சிட்டுப் போனது யாரு?"

அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அதற்குள் பூஜை இலையை எடுக்கப் பச்சையம்மா வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. தப்பு செய்துவிட்டோம் என்பதைவிட, தேய்க்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டார்களோ என்பதுதான் அவர் ரோஷம்.

"வெள்ளிக்குப் புளி ஆவாதுனு எனக்குத் தெரியாதாங்க? தராசுக்குத்தான் புளி. இதுக்கு வெறும் விபூதி. அதுலயும் ஒரு இடம் மட்டும் போவலங்க. மூக்குக்குக் கீழருந்து ஓரம் வரிக்கும் நூலு மாதிரி ஒரு கோடு. அதுக்கு ரெண்டு பக்கமும் விபூதி ஒட்டினு வரவே மாட்டேங்குது. டூத் பிரஷ் போட்டும் பாத்துட்டேன்."

மேடமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூஜை முடிந்த பொருளை எடுக்க அன்று தடையில்லை. மேடம் கழுத்துக் கயிற்றை இழுத்து, கண்ணாடியைக் கண்ணில் வைத்து, ராஜாவை வெளிச்சத்தில் சாய்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். பளபளக்கும் வெள்ளியில், மீசையின் நுனிக்குக் கீழே தொடங்கி, ஒரு சின்ன வளைவு வளைந்து, விளிம்புவரை மயிரிழை போன்ற மேடு ஓடியது. இரு கரையிலும் வெள்ளையாக விபூதி தங்கியிருந்ததால்தான் அது கண்ணுக்குப் பட்டது. கருமைக்குள் இருந்தபோது நான் இரண்டு வாரம் பார்த்தும் தெரியாமல் போனது அதுதான்.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். எஃகு அச்சால் ஆயிரக்கணக்கில் அடித்துக்கொண்டே போனால் அச்சில் விரிசல் விழும். அதன் பிறகு அடிக்கும் ஒவ்வொரு பதக்கத்திலும் அந்த விரிசல் ஒரு மேடாகப் பதியும். இரண்டு அச்சுகளில் ஒரே மாதிரி விரிசல் விழாது. பெயர் வெட்டிய பதக்கம் எதிலாவது இதே கோடு இருந்தால், பெயர் வெட்டாத இதுவும் அதே அச்சில் பிறந்தது.

அந்த விடுமுறை நாளில் இழுப்பறைகளை எல்லாம் இழுத்துப்போட்டோம். நாற்பத்தொரு மீசை ராஜாக்கள் எங்களிடம் இருந்தார்கள். பொரியைக் கொறித்துக்கொண்டே பச்சையம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தோம். நாணயச் சாலையின் பதக்கங்கள் ஒன்றிலும் அந்தக் கோடு இல்லை. இருபத்தேழாவது ராஜாவில் இருந்தது. அதே மீசை நுனி, அதே வளைவு. விளிம்பில் இரண்டு எழுத்துகள். கடைகளுக்கு விற்ற தனியார் பட்டறை ஒன்றின் எழுத்துகள். நான் துள்ளிவிட்டேன். மேடம் துள்ளவில்லை.

"யாரு இல்லனு மூணு சொல்லுங்க."

நாணயச் சாலை இல்லை, ஏனென்றால் அவர்கள் அச்சில் ராஜாவின் காதுமடல் வேறு விதம். இன்னொரு தனியார் பட்டறை இல்லை, அவர்கள் பதக்கம் இதைவிடத் தடிமன். மூன்றாவதுக்குத் தடுமாறினேன். அச்சை இன்னொரு பட்டறைக்கு விற்றிருந்தால் என்ன செய்வீர்கள் என்று மேடமே எடுத்துக் கொடுத்தார். வளையத்தைப் பார்த்தோம். இரண்டு பதக்கத்திலும் பற்றவைத்த இடத்தில் இடப்பக்கம் மட்டும் ஒரே மாதிரி ஒரு சொட்டு அதிகமாக வழிந்திருந்தது. ஆக, அச்சும் அவர்களுடையது, கையும் அவர்களுடையது. வாங்கின பதக்கம்தான். எல்கே அம்மா ஜெயித்துவிட்டார்.

அறிக்கையை ஆங்கிலத்தில் நான்கு பக்கத்துக்கு எழுதினேன். மேடம் கடைசியில் இரண்டே வாக்கியங்களை முடிவுரையாகச் சேர்க்கச் சொன்னார். இந்தப் பதக்கம் கடைகளுக்கு விற்ற பட்டறையில் செய்தது. இதை வைத்திருந்தவர் நிஜப் பதக்கம் வேறு ஒன்றைப் பெற்றிருந்தாரா இல்லையா என்பதை இது சொல்லாது. இரண்டாவது வாக்கியம் எதற்கு, அந்த அம்மா கேட்டதற்குப் பதில் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறதே என்றேன்.

"நான் கல்யாணத்துக்குக் கவரிங் போட்டுனுதான் போறேன். அதனால என் லாக்கர்ல தங்கம் இல்லனு ஆயிடுமா?"

மறுநாள் எல்கே அம்மா வந்தார். முதலில் தேய்த்த குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் காதிலேயே வாங்கவில்லை, முடிவுரையைத்தான் படித்தார். முதல் வாக்கியத்தில் முகம் மலர்ந்தது. இரண்டாவதில் வாடியது. இதை வெட்டிவிட்டு அனுப்பினால் என்ன என்பது போல மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். எல்கே அம்மா கைப்பேசியை எடுத்து, பதினோரு வருடமாகக் கூப்பிடாத தம்பியை வீடியோவில் கூப்பிட்டார்.

மெலிந்த ஒரு கிழவர் திரையில் வந்தார். இரண்டு பேரும் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. எல்கே அம்மா ஒரு கையில் அறிக்கையை வைத்துக்கொண்டு, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டுவதற்காக மறு கையில் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினார். ஜன்னல் வெளிச்சம் பட்டு அது மின்னியது. திரையில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெர்மனில் ஏதோ சொன்னார். எல்கே அம்மாவின் கையில் இருந்த என் நான்கு பக்கமும் தரையில் விழுந்தன.

பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். அவர்கள் தாத்தா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சமையலறையில் உட்கார்ந்து, சுண்ணாம்புத் தூளால் அதைத் தேய்ப்பாராம். துணியை யார் பிடிப்பது என்று அக்காவும் தம்பியும் அடித்துக்கொள்வார்களாம். தாத்தா போன பிறகு அப்பா அதை மேஜை இழுப்பறையில் போட்டார், கறுத்துவிட்டது. "இப்படிப் பளபளனு இருந்து பாத்தப்போ எனக்கு ஒம்பது வயசு, இவனுக்கு ஆறு" என்றார். நாங்கள் உயிரைக் கொடுத்துக் காக்க நினைத்த அந்தக் கருமையை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பிடித்திருக்கவில்லை.

முக்கால் மணி நேரம் பேசினார்கள். மேடமும் நானும் எங்கள் மேஜையிலேயே இடைஞ்சல்காரர்கள் போல உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஞாபகம் வந்து எல்கே அம்மா தாள்களைப் பொறுக்கி முடிவுரையைத் தம்பிக்கு ஜெர்மனில் படித்துக் காட்டினார். இரண்டு வாக்கியத்தையும் படித்தார் என்பது மேடத்தின் முகத்தில் தெரிந்தது, அவருக்கு ஜெர்மன் தெரியும். தம்பி சிரித்தார். தாத்தா கடையில் வாங்கியிருந்தால் நல்ல கடையாகப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார் என்று சொன்னாராம். மன்னிப்பை யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் கேட்டதாகத் தோன்றவில்லை.

கடைசியில் தேய்த்தது யார் என்று தம்பி கேட்க, எல்கே அம்மா பச்சையம்மாவைப் பிடித்து இழுத்துத் திரைக்கு எதிரில் நிறுத்தினார். பச்சையம்மா கும்பிட்டார். திரையில் இருந்தவரும் கும்பிட்டார்.

"இவன் கேக்கறான், பதக்கத்த அனுப்பும்போது அந்தச் சாம்பலும் கொஞ்சம் அனுப்புவீங்களானு. ஞாயித்துக்கிழமை இனிமே இவனே தேய்ப்பானாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விபூதியானாலும் வாரா வாரம் தேய்த்தால் அந்த மயிரிழைக் கோடு எத்தனை வருடம் நிற்கும்? தாத்தா வாங்கியது கடையில் என்பதற்குப் பதக்கத்தில் உள்ள முக்கியமான சாட்சி அது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மேடம் என் பக்கம் பதிவேட்டைத் திருப்பினார். கண்டறிந்த முறை என்ற இடம் காலியாக இருந்தது. அவர் விரல் அதன் மேல் இருந்தது.

"கோடு நம்ம பதிவேட்டுல இருக்குது, ஏழுமலை. அது போதும். இன்னா முறைனு மட்டும் எழுதுங்க."

எழுதினேன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனேன், அந்த விரல் அங்கேயும் வந்தது. பச்சையம்மா என்று எழுதினேன். பச்சையம்மா அதற்குள் பூஜை அலமாரியில் இருந்து விபூதித் தட்டை எடுத்துவந்து, பேப்பரைக் கிழித்துப் பொட்டலம் கட்ட ஆரம்பித்திருந்தார். ஒன்று போதுமா, ரெண்டா வைக்கட்டுமா என்று கேட்டார்.

உலோகம் சொன்னதைத் தவிர வேறு எதையும் எழுதவிடாத எங்கள் மேடம், கண்ணாடியைக் கயிற்றோடு முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மூணா வை. வாரா வாரம் தேய்க்கணும் இல்ல."